நிவேதாவின் இடது முழங்கை

போன மாதம் கவிதா எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த உடற்கல்வி ஆசிரியை அவள். ஒன்பது நொடி வீடியோ. ஒரு சிறுமி பின்பக்கமாகப் பாய்ந்து, கையூன்றிப் புரள்கிறாள். கை தரையில் பட்டதும் முழங்கை மடிகிறது, தோள்பட்டையில் போய் விழுகிறாள். "மேடம், எதைத் திருத்தணும்?" என்று கேட்டிருந்தாள். அதே கேள்வியை எங்கள் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தாள். அங்கே ஆளுக்கொரு காரணம். தோள் இறுக்கம் என்றார் ஒருவர். தலை சீக்கிரம் சாய்கிறது என்றார் இன்னொருவர். தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொன்னார் மூன்றாமவர். கடைசியில் யாரோ, "எஸ்தர் மேடம் சொல்லட்டும், அவங்கதான் சீனியர்" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த ஒன்பது நொடியை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு "தெரியவில்லை" என்று எழுதினேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் கும்பிடு பொம்மை போட்டார்கள். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! முப்பத்தோரு வருடம் பெண்பிள்ளைகளைப் புரளவைத்த எனக்கு, ஒரு முழங்கை ஏன் மடிகிறது என்று உண்மையாகவே தெரியவில்லை. முன்பு தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிவேதா வந்து போன பிறகு அந்த நினைப்பும் போய்விட்டது. அந்தக் கதையை வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்க என் விரலுக்குப் பொறுமை இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்த கதை சின்னது. அப்பா ஏனாத்தூர்ப் பக்கம் கூலி வேலை. எனக்கு ஓட்டம் வந்தது, ஓட்டத்தால் கல்லூரி வந்தது, கல்லூரியால் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை வந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் எனக்குத் தெரியாது. தெரியாது என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். "தெரிஞ்சவங்க யாருமே இல்ல, நீங்களாவது போய்க் கத்துக்கினு வாங்க" என்று நாற்பது நாள் முகாமுக்கு அனுப்பிவைத்தார். அங்கே கிடைத்தவர்தான் தனபால் மாஸ்டர்.

மாஸ்டர் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். இரும்பு நாற்காலியை மெத்தைக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு உட்காருவார். யார் புரண்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். காதால் கேட்பார். பின்பக்கமாகக் கையூன்றிப் புரள்வதை நாங்கள் பிளிக் என்போம். நல்ல பிளிக்கில் இரண்டே சத்தம்தான் வரவேண்டும். இரண்டு கையும் சேர்ந்து விழுவது ஒன்று, இரண்டு காலும் சேர்ந்து விழுவது ஒன்று. மூன்று கேட்டால் கையோ காலோ ஒன்றுக்கொன்று முந்திப் பிந்தி வந்திருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் புரண்டு எழுவதற்குள் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே "மூணு" என்பார். நாங்கள் வெலவெலத்துப் போவோம்.

யாரையும் ஒருமையில் அழைக்கமாட்டார். திட்டுகூட மரியாதையாகத்தான் விழும். "எஸ்தரம்மா, இன்னைக்கு நீங்க அரிசி மூட்டை மாதிரி விழுந்தீங்க" என்பார். அவர் சொல்லிக்கொடுத்ததில் மூன்று விஷயத்தை நான் வேதமாக வைத்திருந்தேன். ஒரு தடவை புரண்டால் ஒரே ஒரு திருத்தம்தான் சொல்லவேண்டும், இரண்டாவது சொன்னால் முதலாவதும் மறந்துபோகும். மேலே தெரிகிற தப்பு கீழேதான் ஆரம்பிக்கும், எனவே முதலில் காலைப் பார்க்கவேண்டும். மூன்றாவது, பிள்ளையின் இடுப்பைத் தாங்குகிற நம் கையை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும், எப்போது முழுசாக எடுத்தோம் என்று பிள்ளைக்கே தெரியக் கூடாது.

இத்துடன் என் சொந்த விதிகள் சில உண்டு. நகம் வெட்டியிருக்கவேண்டும். கொலுசு கூடாது. ஜடையை மடித்துக் கட்டவேண்டும். மெத்தையில் துப்பட்டா கூடவே கூடாது, கால் சிக்கினால் கழுத்து போய்விடும். டி-ஷர்ட்டை டிராக் பேண்டுக்கு வெளியே, இடுப்புக்குக் கீழே தொங்க விட்டிருக்கவேண்டும். "சட்டை மேல ஏறுச்சுன்னா எறங்கி வீட்டுக்குப் போய்க்கினே இரு" என்று முதல் நாளே ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லிவிடுவேன். எங்கள் மைதானத்தின் மேற்குச் சுவர் மார்பளவுதான். அதற்கு அந்தப் பக்கம், கோயிலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற குறுக்குச் சந்து. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் எவனோ ஒருவன் சுவருக்கு மேலே தலையை நீட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் நான்கு அம்மாக்கள் வாசலில் நின்றார்கள். நான்கு பெண்களும் அன்றோடு நின்றுபோனார்கள். அதற்கப்புறம் வந்த விதி அது, அதன்பிறகு ஒரு புகாரும் வரவில்லை.

நிவேதா ஓரிக்கையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். ஒல்லி. அதிகம் பேசமாட்டாள். அம்மா ஒரு பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலையில் இருந்தார். அப்பா குமரேசன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு அவள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். ஐந்து மாதத்தில் அவள் கற்றுக்கொண்டதை மற்ற பெண்கள் இரண்டு வருடத்தில் கற்கவில்லை. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் பெயரைத்தான் எழுதினேன். விடுதி கிடைத்தால் படிப்பு, சாப்பாடு, நல்ல பயிற்சியாளர், எம்பித் தள்ளும் ஸ்பிரிங் தளம், எல்லாமே கிடைக்கும். தேர்வில் பிளிக் செய்து காட்டவேண்டும். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கக் கூடாது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது குமரேசன் ஷிப்ட் முடித்த கையோடு பள்ளிக்கு வந்தார். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"இந்த ஒரு வாட்டிதான் மிஸ்" என்றார். "எடுத்தாங்கன்னா நானே கூட்டிக்கினு போய் சேத்து வுட்டுட்டு வரேன். எடுக்கலன்னா அத்தோட போதும். பொண்ணு வளந்துக்கினே வருது. எங்க அண்ணனே கேக்கறாரு, இன்னும் இன்னாத்துக்குக் குதிச்சிக்கினு இருக்குதுன்னு."

"அவ கண்டிப்பா எடுபடுவா சார்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன தைரியமோ! ஏனென்றால் அந்த வாரம்தான் அவளைத் தனியாகப் பாயவிட்டுப் பார்த்தேன், அவளுடைய முழங்கை மடியத் தொடங்கியிருந்தது.

விஷயம் இதுதான். நான் அவளுக்கு இடது பக்கம் நின்று, வலது கையை இடுப்பில் வைத்துத் தாங்குவேன். அப்போது பிளிக் பட்டுக் கத்தரித்தாற்போல வரும். கால் ஒட்டியிருக்கும், கை நேராக இருக்கும். இரண்டே சத்தம். நான் நகர்ந்துவிட்டால் இடது முழங்கை மடங்கி விலாவோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு இடப்பக்கம் திருகும், தலை மெத்தையை உரசும். இதில் எலும்பு முறிந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மாஸ்டர் சொன்னபடி காலைப் பார்த்தேன். கால் சரியாக இருந்தது. பாதம் வைக்கிற இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். கோட்டின் மேல் அச்சாக வைத்தாள். ஆனாலும் கை மடிந்தது. முழங்கால் மடிப்பு, இடுப்பு, தோள் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடமாகத் தேடிக்கொண்டு மேலே போனேன். ஒரு வாரம் ஓடிப்போனது.

சரி, என் கையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, கையைக் குறைக்க ஆரம்பித்தேன். முதலில் உள்ளங்கை. அடுத்த நாள் நான்கு விரல். அதற்கடுத்த நாள் உடம்பிலேயே படாமல் அவள் சட்டைத் துணியை மட்டும் இரண்டு விரலால் பிடித்திருந்தேன். அப்போதும் அருமையாக வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், வேலை முடிந்தது என்று. மறுநாள் அதே இடத்தில் நின்று, அந்த இரண்டு விரலையும் ஒரு அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டேன். மடங்கிவிட்டது. இரண்டு விரல் துணியைப் பிடித்தால் ஒரு பிள்ளையின் எடையை அது தாங்குமா? தாங்காது. அப்புறம் ஒரு அங்குலத்தில் என்ன இருக்கிறது? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மாஸ்டருக்கு போன் போட்டேன். மகன் வீட்டில் ஓய்வாக இருந்தார். போனை மெத்தை ஓரத்தில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு நிவேதாவைச் செய்யச் சொன்னேன்.

"மூணு" என்றது போன்.

சுற்றி நின்ற பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"வலது கை மொதல்ல வருதும்மா. இடது கை லேட்டு" என்றார்.

"ஏன் சார் லேட்டாகுது?"

"சத்தம்தானேம்மா எனக்குக் கேக்கும்? காரணம் எப்படிக் கேக்கும்?" என்றார். பிறகு, "பயமா இருக்கும். எதுக்கு பயப்படுதுன்னு பாருங்க" என்றார்.

மாஸ்டரே சொன்ன பிறகு என்ன? பயம்தான் என்று நானும் முடிவு கட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை பெண்களை ஓரிக்கைப் பாலாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் இல்லாத காலத்தில் ஆற்று மணலைவிட நல்ல மெத்தை கிடையாது. விழுந்தால் வலிக்காது என்பதால் வருடத்துக்கு நான்கைந்து தடவை அங்கே போவது வழக்கம். மணல் உள்ளே போகாமல் இருக்கப் பெண்கள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். மணலில் மட்டும் நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். நிவேதா பத்தடி தள்ளி, தனியாக நின்று, நான் சொல்வதற்கு முன்பே பாய்ந்தாள். கை நேராக இருந்தது. இன்னொன்று செய்யச் சொன்னேன். நேர். ஆறு தடவை செய்தாள், ஆறும் நேர். நான் எங்கோ நின்றுகொண்டிருந்தேன், என் விரல்கூடப் பக்கத்தில் இல்லை.

அன்றைக்கு நான் புத்திசாலித்தனமாக ஒரு முடிவுக்கு வந்தேன். என் கை காரணம் இல்லை, பள்ளிக்கூட மெத்தையின் கடினம்தான் காரணம். அவளுக்கு பயம் தரையின் மேல். எங்களிடம் இருந்தவை தேங்காய் நார் திணித்த நான்கு பழைய மெத்தைகள். தெரிந்த கல்யாண மண்டபக்காரரைப் பிடித்து ஆறு பஞ்சு மெத்தை இரவல் வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். "இது இன்னா எஸ்தர், முதலிரவு ஏற்பாடா?" என்று தலைமையாசிரியை கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன். நார் மெத்தைமேல் பஞ்சு மெத்தையை விரித்தேன். யானை விழுந்தாலும் அடிபடாது. நிவேதா வந்தாள், பாய்ந்தாள். முழங்கை மடங்கிவிட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தேர்வுக்கு ஐந்து நாள். பழைய செய்தித்தாளைச் சுருட்டி அவள் முழங்கையைச் சுற்றிக் கட்டினேன். இனி எப்படி மடிப்பாள் பார்க்கலாம் என்று. மடிக்க முடியாத கையை அவள் அப்படியே விலாவோடு சேர்த்து வைத்துக்கொண்டு பாய்ந்தாள். ஒற்றைக் கையில் விழுந்து, உருண்டு, மெத்தைக்கு வெளியே போனாள்.

"காதுல விழலயாடி? கைய நீட்டு நீட்டுன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"நீட்டறேன் மிஸ்."

"எங்க நீட்டற? அப்பா இன்னா சொன்னாரு தெரியும் இல்ல? ஒரே வாட்டிதான்."

"தெரியும் மிஸ்." எழுந்து நின்று சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். "மிஸ், சட்டை வந்து..."

"சட்ட எங்கயும் ஓடிப்போகாது. கையப் பாரு!" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு வரிசைக்குப் போனாள்.

தேர்வு செங்கல்பட்டில் ஓர் உள்ளரங்கத்தில் நடந்தது. குமரேசன் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார். பெண்கள் பகுதிக்குள் ஆண்களை விடவில்லை என்பதால் வெளியே கேட் பக்கம் உட்கார்ந்துவிட்டார். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே போனேன், கையை நீட்டு, கையை நீட்டு என்று. மாஸ்டரின் ஒரே திருத்தம் என்கிற விதியை நானும் கடைப்பிடித்தேன் அல்லவா, ஐம்பது தடவை அதே ஒன்றைச் சொன்னேன்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு வாய்ப்பு. நிவேதா முதல் தடவை வந்து பின்பக்கமாகப் பாய்ந்தபோது முழங்கை வழக்கம்போல மடங்கி, தலை தளத்தில் தட்டியது. நல்ல தளம் என்பதால் அடிபடவில்லை. நடுவராக உட்கார்ந்திருந்த அம்மாள் பேனாவை எடுத்து என்னவோ எழுதினார். அவளுக்கு அடுத்து வந்த பெண்ணும் டி-ஷர்ட்தான் போட்டிருந்தாள், அவள் புரளும்போது சட்டை முகத்தில் விழுந்து கண்ணை மறைத்துவிட்டது. நடுவர் அம்மாள் எழுந்து, "டி-ஷர்ட் போட்டிருக்கிற பொண்ணுங்கல்லாம் சட்டைய உள்ள விட்டு, நாடாவ இறுக்கிக் கட்டுங்க. இல்லன்னா யாராவது கழுத்த ஒடிச்சிப்பீங்க" என்று சத்தம் போட்டார்.

மற்ற பெண்கள் உடனே சட்டையை உள்ளே விட்டார்கள். நிவேதா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை. சொன்னதைச் செய்யாமல் என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எரிச்சல்தான் வந்தது. செய் செய் என்று கையைக் காட்டினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சட்டையை உள்ளே விட்டு, பேண்ட் நாடாவை இறுக்கினாள்.

இரண்டாவது தடவை வந்து நின்றாள். நான் பார்க்கப் பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். தப், தப். இரண்டே சத்தம். நிமிர்ந்தபோது அவள் கைகளை மேலே தூக்கி நேராக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த வேறு ஊர் ஆசிரியை, "உங்க பொண்ணா? சூப்பர் மேடம்" என்றார். எனக்குக் கை தட்டக்கூடத் தோன்றவில்லை. மூன்று வாரம் வராதது இந்த இரண்டு நிமிடத்தில் எங்கிருந்து வந்தது என்று குழம்பிப்போய் நின்றேன்.

மத்தியானம் பெயர்களைப் படித்தார்கள். நிவேதா பெயர் இல்லை. நான் அந்த நடுவர் அம்மாளிடம் போனேன். அவர் நல்லவிதமாகத்தான் பேசினார். "ரெண்டாவது நல்லா இருந்துச்சு மேடம். ஆனா மொதல்ல கை அப்படி மடிஞ்ச பொண்ண எந்த நம்பிக்கைல எடுக்கறது? ஏன் மடியுதுன்னு உங்களுக்கே தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். அப்போது எனக்கு உண்மையிலேயே தெரியாது. அரைமணி நேரம் முன்பே அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த அம்மாளுக்கு பதில் சொல்லியிருப்பேன்.

வெளியே வருவதற்கு முன் கதவருகில் நிவேதா நின்றாள். சட்டையை வெளியே எடுத்து, கீழே இழுத்து, சரிசெய்துகொண்டாள். பிறகுதான் அப்பாவிடம் போனாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளும் நானும் ஒரு சீட்டில், குமரேசன் நான்கு சீட் முன்னால். வாலாஜாபாத் தாண்டியதும் கேட்டேன். "ரெண்டாவது எப்பிடிம்மா வந்துச்சு?"

"சட்ட ஏறல மிஸ்" என்றாள்.

"ஏறலன்னா?"

"உள்ள வுட்டுட்டேன் இல்ல, அதான். வெளிய இருந்தா தலகீழா போகும்போது ஏறிடுது மிஸ். இடது முழங்கையால அழுத்திக்கினு போவேன். நீங்க புடிச்சிக்கினா நான் அழுத்தத் தேவல."

"அழுத்தினா கை மடியும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் மிஸ். ஆனா ஏறுச்சுன்னா எறங்கி வீட்டுக்குப் போன்னு நீங்கதானே சொல்லிக்கிறீங்க. நான் ரெண்டுமே பண்ணலாம்னு பாத்தேன் மிஸ்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் எங்கே தப்பு வந்தது என்று கேட்டால் சொல்வாளே, அப்படிச் சொன்னாள். இரண்டு உத்தரவும் என்னுடையவை. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இப்படித்தான் விழமுடியும். இந்தப் பெண் அழகாக விழுந்துகொண்டிருந்தாள், நான் காலடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மணலில் துப்பட்டா, பள்ளியில் என் இரண்டு விரல், எல்லாம் சட்டையைத்தான் பிடித்திருக்கின்றன. எனக்கு அழுகை வந்தது, பஸ்ஸில் எப்படி அழுவது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நிவேதாவுக்கு முன்னால் எத்தனை பெண்கள்? "பயந்த சுபாவம்" என்று நானே முடிவு செய்து ஓட்டப் பந்தயத்துக்கும் கோகோவுக்கும் தள்ளிவிட்ட பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் யார் பயந்தாள், யார் சட்டையைப் பிடித்தாள்? இனி யாரைப் போய்க் கேட்பது? சில பேருக்கு இப்போது கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த விதியைத் தூக்கி எறிந்திருக்கவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. அந்த விதி இல்லாவிட்டால் பாதிப் பெண்கள் மைதானத்துக்கே வந்திருக்கமாட்டார்கள். விதியோடு வந்தவர்களுக்குக் கை மடிகிறது. வராமல் போவது மேலா, வந்து மடிவது மேலா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். இத்தனைக்கும் வழி சின்னது. சட்டைக்கு மேலே இடுப்பைச் சுற்றி ஒரு நாடா. அடுத்த வாரமே எல்லாப் பெண்களுக்கும் கட்டிவிட்டேன். ஆளுக்கு இரண்டு முழம் நாடா வாங்கி வெட்டிக் கொடுக்க எனக்கு இருபத்தைந்து வருடம் பிடித்தது.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் குமரேசனை நிறுத்திப் பேசினேன். நிவேதா பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், தப்பு அவ மேல இல்ல. என் விதியால வந்துச்சு. சட்ட ஏறக் கூடாதுன்னு நான் சொன்னதுக்காக அவ கைய மடக்கிக்கினு இருந்துக்கிறா. அடுத்த வருஷம் ஒரு வாட்டி அனுப்புங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அது எப்டி மிஸ் தப்பாகும்?" என்றார். "நீங்க சட்ட ஏறக் கூடாதுன்னு கண்டிப்பா இருக்கீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் நான் அனுப்பினேன். இல்லன்னா எங்க வூட்ல யாரு அனுப்புவாங்க?"

"சட்டயும் ஏறாம கையும் மடியாம பண்ணலாம் சார். இடுப்புல ஒரு நாடா கட்டினா போதும்."

அவர் என்னைப் பார்த்தார். கிண்டல் இல்லை, வேகமும் இல்லை. விளங்காததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "அப்ப இத்தினி நாளா ஏன் மிஸ் கட்டல?"



"மிஸ்ஸுக்குத் தெரியாதுப்பா" என்றாள் நிவேதா. "நான்தான் சொல்லல."

"ஏன் சொல்லல? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்று அவர் அவள் பக்கம் திரும்பினார். "மூணு வாரமா மிஸ் உன்ன வெச்சி அல்லாடிக்கினு இருந்தாங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்திருப்பாங்க இல்ல? உன் தலையில நீயே மண்ண போட்டுக்கினியே." அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை.

செய்தித்தாள் கட்டிய அன்றைக்கே அவள் சொல்ல வந்தாள், நான்தான் வாயை அடைத்தேன். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இப்போது சொன்னால் பேச்சு வளரும், நடு பஸ் ஸ்டாண்டில் எதற்கு என்று என்னென்னவோ தோன்றியது. அதற்குள் ஓரிக்கை பஸ் வந்துவிட்டது. குமரேசன் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஏறினார். அவள் அதன்பிறகு மைதானத்துக்கு வரவில்லை. பஸ் நகரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு டாட்டா காட்டினாள், நானும் காட்டினேன்.